கொடிமலை ஏன் குளிர்கிறது?

பினாங்குத் தீவில், மலையடிவாரமான ஆயர் ஈத்தாமில் வியர்வையோடு ரயில் ஏறுபவர்கள் கொடிமலை உச்சியில் இறங்கியதும் "அப்பாடா" என்பார்கள். கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 5 டிகிரி குறைவு. மேலே போகப்போகச் சூரியனை நெருங்கத்தானே செய்கிறோம், பிறகு எப்படிக் குளிர்கிறது?

வெயில் நேரடியாகக் காற்றை அதிகம் சூடாக்குவதில்லை. தரையும் கடலும் சூடேறி, அவைதான் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்று மேலெழும்போது அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைய அது விரிகிறது. விரியத் தேவையான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குளிர்கிறது. சைக்கிள் டயரில் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லென்று ஆவதும் இதனால்தான்.

கீழே வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. காற்று மேலேறும்போது பனிநிலையும் சற்றே இறங்குவதால், ஒரு டிகிரி வித்தியாசத்தைக் கடக்க 100 அல்ல, சுமார் 125 மீட்டர் ஏற வேண்டும். வித்தியாசமான 6-ஐ 125-ஆல் பெருக்கினால் 750 மீட்டர். மேகம் திரளத் தொடங்கும் உயரம் அது. பினாங்கு மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர். மேகம் வராந்தாவுக்குள்ளேயே நுழைந்துவிடும் என்பதற்குக் கணக்கு இதுதான்.

1923-இல் ரயில் வருவதற்கு முன்பே, ஆட்கள் சுமந்த டோலியில் வெள்ளைக்காரர்கள் மேலே வந்து தங்கினார்கள். சர்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய கிராக் ஹோட்டல் அந்தக் காலத்தது. மலைவீடுகளின் அகன்ற வராந்தா, உயரமான கூரை, பலகைச் சட்ட ஜன்னல் எல்லாம் காற்றோட்டத்துக்கானவை. குளிரைவிட ஈரம்தான் அங்கே பெரிய தொல்லை. துணி அலமாரிக்குள் சிறு பல்பு ஒன்றை எரியவிடும் பழைய வழக்கத்தைப் பாருங்கள்: 22 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை 25-க்கு ஏற்றினாலே ஈரப்பதம் 100-இலிருந்து 83 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பூஞ்சை பிடிப்பது தாமதமாகும். எவ்வளவு அருமையான அறிவு!

இப்படிப்பட்ட கட்டடத்தில் கண்ணாடி அடைத்து ஏர்கண்டிஷன் போடுவது தவறு என்றே சொல்வேன். குளிர்ந்த சுவரில் மேகத்தின் ஈரம் நீராக வழியும். சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் வேறு அடித்திருந்தால் அது உலரவும் வழியில்லை. பாரம்பரியம் என்று பெயர்ப்பலகை வைக்கும் விடுதி முதலில் ஜன்னலைத் திறக்கட்டும்.

பூமி சூடாகி வருவது இந்த மலையையும் தொடும். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2017 நவம்பர் பெருமழையில் இந்த மலையில் மண் சரிந்ததைப் பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கீழே வெப்பம் கூடி, ஈரம் அதற்கு ஈடாகக் கூடாவிட்டால், வித்தியாசம் 6 என்பது 7 ஆகும். மேகத்தின் அடி 875 மீட்டருக்குப் போய்விடும், அதாவது உச்சிக்கும் மேலே. மேகத்தின் ஈரத்தை நம்பி வாழும் பாசிகளும் பெரணிகளும் என்ன செய்யும்? 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த காடு இது.

மலைவிடுதிகள் வராந்தாவில் இரண்டு வெப்பமானிகளை மாட்டலாம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கட்டும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் விருந்தினர் மேகத்துக்குள் நிற்கிறார். எண்கள் விலக விலகக் காற்று உலர்கிறது. தினமும் எழுதி வைத்தால் சில ஆண்டுகளில் அந்த ஏடே மலையின் நாடித்துடிப்பைச் சொல்லும்.