சொல் விளக்கம்: துப்பாக்கி

1877இல் தன்யூபு ஆற்றைத் தாண்டி வந்த ரஷ்யப் படையை எதிர்கொண்ட துருக்கிச் சிப்பாய் தன் கையிலிருந்ததை 'துஃபெக்' என்றான். நாம் துப்பாக்கி என்கிறோம். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

அந்த வேருக்கும் வெடிமருந்துக்கும் முதலில் சம்பந்தமே இல்லை. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த துருக்கிச் சொல்லகராதியில் 'துவெக்' என்றொரு சொல் வருகிறது. பச்சை மரக்கிளையிலிருந்து பட்டையைக் குழலாக உருவி, அதை வைத்துச் சிட்டுக்குருவி அடிப்பார்களாம். அந்த ஊதுகுழலுக்குத்தான் இந்தப் பெயர். பிற்பாடு வெடிமருந்துக் குழல் வந்ததும் பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது. பாரசீகத்தில் துஃபங், இந்துஸ்தானியில் துபக், தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, தமிழில் துப்பாக்கி. மேற்குப் பக்கம் போன சொல் கிரேக்கத்தில் 'துஃபெகி' ஆனது. அல்பேனியரிடமும் அது உண்டு. பல்கேரியர் ஆயுதத்தைப் 'புஷ்கா' என்றாலும், அதைச் செய்கிற கொல்லரைத் துருக்கிப் பெயராலேயே 'துஃபெக்சியா' என்று அழைத்தார்கள்.

குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று நம்மூரில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று குறளில் வருகிறதே என்பவர்களும் உண்டு. அங்கே துப்பு என்றால் உணவு; உணவை ஆக்கித் தரும் மழையைச் சொல்கிறார் வள்ளுவர்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? தனித்தமிழ் எழுதுபவர்கள் 'துமுக்கி' என்பார்கள். பொதுவாகச் 'சுடுகலன்' என்றும் எழுதுகிறார்கள். எனக்குத் துப்பாக்கியே போதும்; இத்தனை காலம் இங்கே புழங்கிய சொல்லை வெளியூர்க்காரன் என்று விரட்ட வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1877–78 ரஷ்ய–துருக்கிப் போரைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

முதலில் ரைபிள். குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக வரி வெட்டியிருப்பார்கள்; குண்டு சுழன்றபடி வெளியேறுவதால் நேராகப் போகும். 'சுரிகுழல் துப்பாக்கி' என்பது இதற்கு மிகப் பொருத்தமான தமிழ். ரஷ்யரும் 'விந்த்' என்ற திருகாணிப் பெயரை வைத்துத்தான் 'விந்தோவ்கா' என்கிறார்கள். ஆனால் அந்தப் போரில் இருதரப்புக் காலாட்படையிடமும் இருந்தவை சுரிகுழல்தான், அதுவும் பின்பக்கம் தோட்டா போடுகிறவை. வித்தியாசம் எவ்வளவு தூரம் சுடும், எவ்வளவு வேகமாகச் சுடும் என்பதில் இருந்தது.

ரஷ்யக் காலாட்படையில் பெரும்பாலோர் கையில் கிர்ன்கா. முன்வாய் வழியே மருந்து கிட்டித்த பழைய துப்பாக்கிகளைப் பின்பக்கம் திறக்கும்படி மாற்றிய வகை, குழல் விட்டம் 15.24 மி.மீ. சுட்ட தோட்டாவின் ஓடு சிக்கிக்கொண்டால் கம்பியை விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். சாதாரணச் சிப்பாயின் கிர்ன்காவில் குறிபார்க்கும் அளவு 600 காலடியோடு, அதாவது 425 மீட்டர் சுமாரோடு, நின்றுவிடும். இதைவிட நல்ல பெர்டான் துப்பாக்கி ஒரு பகுதிப் படைக்குத்தான் கிடைத்திருந்தது. துருக்கியரிடமோ அமெரிக்காவில் ரோட் தீவின் பிராவிடன்ஸ் நகரில் செய்த பீபாடி மார்ட்டினி இருந்தது. இன்றைய பல்கேரியாவிலுள்ள பிளெவ்னா ஊரில் துருக்கித் தளபதி ஒஸ்மான் பாஷாவின் ஆட்கள் பதுங்குகுழியில் தோட்டாப் பெட்டிகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே சுட ஆரம்பித்தார்கள். ரஷ்யர் பதிலுக்குச் சுடும் தூரத்தை எட்டுவதற்குள் வரிசை பாதி கலைந்துவிடும்.

அப்படியும் ரஷ்யத் தளபதிகள் துப்பாக்கி முனையில் செருகும் பயனெட்டை நம்பினார்கள். 'குண்டு முட்டாள், பயனெட்தான் ஆண்பிள்ளை' என்பது 18ஆம் நூற்றாண்டு ரஷ்யத் தளபதி சுவோரவ் காலத்துப் பேச்சு. இந்தப் பயனெட்டுக்குப் பழைய தமிழ் அகராதிகளில் 'துப்பாக்கிச் சனியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. சனி பகவானுக்கு இதில் பங்கில்லை. 'சங்கீன்' என்ற இந்துஸ்தானிச் சொல் நம் வாயில் அப்படித் திரிந்தது. இப்போது எழுதும்போது துப்பாக்கிமுனைக் கத்தி என்றால் யாருக்கும் புரியும். ரஷ்யர் 1877 ஜூலையில் இரண்டு முறை, செப்டம்பரில் மூன்றாம் முறை என்று பிளெவ்னாமேல் பாய்ந்து பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்ததுதான் மிச்சம். கடைசியில் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுத்தான் டிசம்பர் 10 அன்று ஊரைப் பிடித்தார்கள்.

அப்புறம் குதிரைப்படையின் கார்பைன். பிரெஞ்சில் 'கராபேன்' என்ற இலகு குதிரைவீரனின் பெயரிலிருந்து வந்த சொல் இது. 'குறுந்துப்பாக்கி' என்று தமிழில் எழுதிவிடலாம்: குதிரைமேல் நீளக் குழல் இடிக்கும் என்பதால் வெட்டிக் குறுக்கியது. ஆனால் எல்லாக் குதிரைவீரனுக்கும் இதைப் போட முடியாது. ரஷ்யப் படையின் கொசாக் குதிரைவீரரிடம் இருந்தது அவர்களுக்கென்றே செய்த பெர்டான். விசையைச் சுற்றி வழக்கமாக இருக்கும் காப்பு வளையம் அதில் கிடையாது. இடுப்பில் 'சஷ்கா' என்ற வாள். அது காகசஸ் மலைப்பக்கத்துச் சர்க்காசிய மொழிச் சொல், பொருள் 'பெரிய கத்தி'.

துருக்கி வாங்கிய 'வின்செஸ்டர் 1866' மாதிரித் துப்பாக்கிகளில் 45,000 நீளமானவை, 5,000தான் கார்பைன். குழலுக்கு அடியில் வரிசையாகத் தோட்டா அடைத்து, கைப்பிடி நெம்புகோலை ஆட்டி ஆட்டி அடுத்தடுத்துச் சுடலாம். இதற்கு நிலைத்த தமிழ்ப் பெயர் இன்னும் அமையவில்லை. 'தொடர்சுடு துப்பாக்கி' என்று நான் எழுதுவேன். பிளெவ்னாவில் தூரத்துக்குப் பீபாடி, கிட்டே நெருங்கினால் வின்செஸ்டர் என்று பயன்படுத்தினார்கள்.

ரிவால்வர், அதாவது சுழல் துப்பாக்கி, விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒரே கடையில் சரக்கெடுத்தார்கள்: மாசசூசெட்ஸின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். துருக்கியர் தங்களுடையதை வின்செஸ்டர் தோட்டாவே பொருந்தும்படி செய்யச் சொல்லி வாங்கினார்கள்.