ஒரு டொனால்டு கிடைத்தால் அவர் உங்கள் டொனால்டு ஆகிவிட மாட்டார்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. கலரில் அச்சடித்த வம்சாவளி, மேலே ஒரு கிளான் (ஸ்காட்லாந்துக் குலம்) சின்னம், பத்தொன்பது தலைமுறை, உச்சியில் ஸ்காட்லாந்து மலைநாடான ஹைலண்ட்ஸின் குலத்தலைவர் ஒருவர். "எல்லாம் தேடியாச்சு, 1700களில் ஒரே ஓர் இடம் மட்டும் இடிக்கிறது, அதைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்" என்று கூடவே ஒரு மின்னஞ்சல். பார்த்தேன். இடிப்பது அங்கே இல்லை. அதற்கு இரண்டு தலைமுறை கீழேயே ஓர் அம்மா, தான் இறந்து ஆறு வருடம் கழித்துப் பிள்ளை பெற்றிருக்கிறார். அவருக்கு மேலே இருக்கும் அத்தனை பேரும் யார் வீட்டு முன்னோர்களோ.

ஸ்காட்லாந்து ஆவணங்களில் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முன்னோர் பிடிபடவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பிடிக்க முடியாமல் வருவதில்லை, தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். காரணம் ஒரே நினைப்பு: "பெயரைப் போட்டுத் தேடினேன், ஒரே ஒரு பதில்தான் வந்தது, அப்படியென்றால் அவர்தானே?"

இல்லை. தயவுசெய்து, இல்லை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசிடம் பதிய வேண்டும் என்ற கட்டாயம் 1855 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன்பு இருப்பதெல்லாம் ஸ்காட்லாந்து திருச்சபையின் பாரிஷ் (சபை வட்டாரம்) பதிவேடுகள். ஞானஸ்நானமும், கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பான திருமண ஓலையும் ஓரளவுக்கு இருக்கும், அடக்கம் பல ஊர்களில் இருக்கவே இருக்காது. இவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரின் எர்ரல் ஊரில் 1553இல் தொடங்குகிறது. அதைக் கேட்டதும் நாடு முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். லூயிஸ் தீவின் ஊய்க், லாக்ஸ் பாரிஷ்களில் பதிவேடு தொடங்குவதே 1820களிலும் 30களிலும்தான். தொடங்கிய ஊர்களிலும் எல்லோரும் பதியவில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது, ஏழைக்கு விலக்கு உண்டென்றாலும் பலர் பதியாமலே விட்டுவிட்டார்கள். 1733 முதலே திருச்சபையிலிருந்து ஒவ்வொரு பிரிவாக வெளியேறிக்கொண்டிருந்தது, 1843இல் போதகர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாக வெளியேறி ஃப்ரீ சர்ச் அமைத்தார்கள். அந்தக் குடும்பங்களின் ஞானஸ்நானத்தைப் பாரிஷ் பதிவேட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கத்தோலிக்கர்கள், எபிஸ்கோப்பல் சபையினர் கதையும் இதேதான். ஈரத்திலும் தீயிலும் போனவை தனிக் கணக்கு.

அப்புறம் பெயர் வைக்கும் வழக்கம். முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்குத்தான் அப்பாவின் பெயர். எல்லா வீட்டிலும் கறாராகப் பின்பற்றவில்லை, ஆனால் பரவலாக இருந்தது. டொனால்டு மெக்லியோட் என்ற பெரியவருக்கு ஐந்து மகன்கள் என்று வையுங்கள். ஐந்து பேரும் மூத்த பிள்ளைக்கு டொனால்டு என்று வைத்தால் ஒரே கிராமத்தில், ஏறக்குறைய ஒரே வயதில், ஐந்து டொனால்டு மெக்லியோட்கள். அவர்களில் ஒருவனுடைய ஞானஸ்நானம் மட்டும் பதிவாகி, அந்த ஏடு மட்டும் பிழைத்து வந்திருக்கிறது. அதுதான் உங்களுக்கு வந்த அந்த ஒரே பதில். உங்கள் டொனால்டு மற்ற நால்வரில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனவே எங்கள் தொழிலில் ஆள் கிடைத்ததும் செய்யும் முதல் வேலை, அவரைச் சாகடிக்கப் பார்ப்பது, அதாவது அவர் உங்கள் ஆளாக இருக்கவே முடியாது என்று காட்டப் பார்ப்பது. அந்தக் குழந்தை ஐந்து வயதில் இறந்துபோனதா? 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேறொரு மனைவியோடு பக்கத்து ஊரில் உட்கார்ந்திருக்கிறாரா? கனடாவுக்குக் கப்பலேறிவிட்டாரா? எவ்வளவு முயன்றும் சாகவில்லை என்றால்தான் பேச்சே ஆரம்பம். 1841 கணக்கெடுப்பை வைத்து வயது பார்ப்பவர்கள் கவனிக்கவும்: பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயதுக்காரர் அதில் 40.

சரி, எங்கிருந்து தொடங்குவது? சாவிலிருந்து. ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் அப்பா பெயர் மட்டுமல்ல, அம்மாவின் பெயரும் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு இருக்கும். இங்கிலாந்தில் தேடுகிறவர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். 1820இல் பிறந்தவர் 1870இல் இறந்திருந்தால், பிறப்பு எங்கும் பதிவாகாவிட்டாலும் பெற்றோர் இருவரும் அந்த ஒரு தாளில் கிடைத்துவிடுவார்கள். அதிலும் 1855 ஒரு தங்கச் சுரங்கம். அந்த ஒரு வருடம் மட்டும் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணம் நடந்த இடம், அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று எல்லாவற்றையும் கேட்டார்கள், வேலை தாங்காமல் அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். உங்கள் ஆள் 1855இல் பிறக்கவில்லையா, அவருடைய தம்பி தங்கை யாராவது பிறந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆனால் இறப்புப் பதிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கீழே "தகவல் தந்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "மருமகன், உடனிருக்கவில்லை" என்று குறிப்பு. மாமியாரின் தாயார் அந்த மருமகன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர், அவர் பெயரை இவர் என்ன கண்டார்? ஏதோ கேள்விப்பட்டதைச் சொல்லியிருப்பார், குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். இடது ஓரத்தில் திருத்தப் பதிவேட்டுக் குறிப்பு இருந்தால் அதையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். திடீர் மரணத்தின் காரணம், மாற்றி எழுதப்பட்ட தகப்பன் பெயர் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கொடுமை என்னவென்றால், என்னிடம் வரும் படங்களில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவதை நிறுத்துங்கள். ஜீன், ஜேனட், ஜெஸ்ஸி மூன்றும் ஒரே பெண்ணாக இருக்கலாம். பீட்டரும் பேட்ரிக்கும் ஒருவரே. குடும்பப் பெயரின் முன்னால் வருவது மெக் (Mc) என்றால் அயர்லாந்து, மேக் (Mac) என்றால் ஸ்காட்லாந்து என்பது சுத்தப் பொய், ஒரே குமாஸ்தா அப்பனுக்கு ஒன்றும் மகனுக்கு இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஷெட்லண்ட் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைகூட நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான் பின்னால் வரும். மேக்னஸின் மகன் மேக்னஸன், அவன் மகனுக்கு வேறு பெயர். அங்கே போய்க் குடும்பப் பெயரைத் துரத்தினால் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவீர்கள்.

திருமணம் கிடைக்கவில்லையா? ஓலை வாசித்ததே கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி இல்லை. ஓலையே வாசிக்காமல் சாட்சிகள் முன்னால் "இவள் என் மனைவி" என்று சொன்னாலும் 1940 ஜூலை வரை அங்கே சட்டப்படி செல்லும். அப்படிச் செய்தவர்களைப் பழைய நாளில் கிர்க் செஷன் என்ற சபை மூப்பர் குழு கூப்பிட்டுக் கண்டித்து அபராதம் போட்டது, அந்த விசாரணைக் குறிப்புகளில் அப்பா பெயரில்லாத பிள்ளைகளின் அப்பாக்களும் அகப்படுவார்கள். ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசு இணையதளத்தில் இந்த விசாரணைக் குறிப்புகளின் படங்களை இலவசமாகவே படிக்கலாம். பெயர் அட்டவணை கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அங்கேதான் ஆர்வலர்கள் கழன்றுகொள்கிறார்கள்.

வறுமையில் கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்தவர் என்றால் மிட்செல் நூலகத்தில் உள்ள ஏழை நிவாரண விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள். 1845 சட்டத்துக்குப் பிறகு, பணம் கொடுக்கும் முன் அதிகாரி வீட்டுக்கே போய்ப் பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள் என்று குடைந்து குடைந்து கேட்டு எழுதியிருக்கிறார். குலத்தலைவரைத் தேடி அலைகிறவர்களுக்கு இந்தப் பெட்டியைத் திறக்கவே மனம் வருவதில்லை. வம்சாவளியின் மேலே அச்சடிக்கும் அந்தச் சின்னம் பற்றியும் ஒரு வார்த்தை: ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னம் தனி மனிதருக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. 1672 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது, லார்ட் லயன் நீதிமன்றம் இன்றும் அதைப் பார்த்துக்கொள்கிறது.

சென்னை, நீலகிரி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருவதுண்டு. உங்களுக்கு ஒன்றே ஒன்று. 1821இல் திறந்த எழும்பூர் கிர்க் என்ற ஸ்காட்லாந்து சபைக் கோயிலைச் சேர்ந்தது குடும்பம் என்று தெரிந்தால் மட்டும் ஸ்காட்லாந்தில் எந்த ஊர் என்று தெரிந்துவிடாது. நேரே ஸ்காட்லாந்துத் தளத்தில் போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் இங்கே வீட்டிலிருக்கும் பைபிளின் முன்பக்கம், உயில், கல்லறை வாசகம். பிறகு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள். முன்னோர் கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர் என்றால் சேரும்போது அவர் கொடுத்த ஞானஸ்நானச் சான்றே அங்கே இருக்க வாய்ப்புண்டு, பாரிஷ் பெயரோடு. அந்தப் பெயர் கைக்கு வந்த பிறகு என்னிடம் வாருங்கள், ஆவணங்களை ஓரம் வெட்டாமல் அனுப்புங்கள்.