விளக்கு எரிகிறது, சரி. ஹார்மோன் போய்விட்டதா?

போன வாரம் இன்னொரு அழைப்பு. ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பாளர். "சார், கிருமி போக யூவி விளக்கு போட்டு ஆறு மாசம் ஆச்சு. ஆனா வெளிய போற தண்ணில ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. லேபை மாத்திடலாமா?" இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நேரில் போனேன். பார்வைக் கண்ணாடி வழியே அழகான நீல வெளிச்சம். மின்சாரத்தை நிறுத்தி, விளக்கைப் போர்த்தியிருக்கும் குவார்ட்ஸ் குழாயை உருவினால், மேலே துருநிறத்தில் ஒரு படலம். நகத்தால் கீறினேன். கீறிய கோட்டில் மட்டும் கண்ணாடி தெரிந்தது.

"ஆனா லைட் எரியுதே சார்?"

இந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்த நீலம் வேலை செய்கிற ஒளி அல்ல. குறைந்த அழுத்தப் பாதரச விளக்கில் வேலை செய்வது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி, அதாவது யூவி. அது கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கு வயதாக ஆக 254 குறைந்துகொண்டே போகும், நீலமோ அப்படியே இருப்பது போலத் தோன்றும். கண்ணை நம்பாதீர்கள். சென்சார் காட்டும் அளவையும், விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கையும் பாருங்கள்.

சரி, விளக்கு புதிது, குழாய் பளிங்கு மாதிரி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஹார்மோன் போகாது. கிருமிநீக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு சதுர செண்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். அந்த ஒளி கிருமியின் டிஎன்ஏவில் அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதன் பிறகு கிருமியால் பெருக முடியாது. செத்துவிட்டது என்று கணக்கு எழுதுகிறோம். ஹார்மோனுக்கு உயிர் இல்லை. அதைக் கொல்ல முடியாது, மூலக்கூறை உடைக்கத்தான் வேண்டும். ஈஸ்ட்ரோஜன்களில் ஒன்றான எஸ்ட்ராடையோல் 254 நானோமீட்டர் ஒளியை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சாத ஒளியால் அதற்கு என்ன ஆகிவிடும்? கிருமிக்கான விளக்கின் அடியில் அது பாட்டுக்கு நீந்திக்கொண்டு போகும்.

அதற்காகத்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒளி அதை இரண்டாக உடைக்கிறது, ஹைட்ராக்சில் ராடிகல் என்ற, எதோடும் சட்டென்று வினைபுரியும் துணுக்கு பிறக்கிறது, அது ஹார்மோனின் ஃபீனால் வளையத்தைத் தாக்குகிறது. உடலின் பூட்டுக்குள் பொருந்தும் சாவிப்பல் அந்த வளையம்தான். இதற்கு வேண்டிய ஒளி அளவு பல நூறு மில்லிஜூல். இருட்டில் ஊற்றிய பெராக்சைடு ஈஸ்ட்ரோஜனைச் சீண்டக்கூடச் செய்யாது.

நம் பொறுப்பாளரும் பெராக்சைடு ஊற்றிக்கொண்டுதான் இருந்தார், லிட்டருக்கு 10 மில்லிகிராம். விற்றவர் சொன்னாராம். ஆனால் தண்ணீர்? ஒரு செண்டிமீட்டர் கடப்பதற்குள் 40 சதவீத ஒளியைத் தின்றுவிடும் மங்கல் தண்ணீர். கணக்குப் போட்டுக் காட்டினேன்: உறிஞ்சப்படும் நூறு ஒளித்துகள்களில் பெராக்சைடுக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ. மிச்சமெல்லாம் அழுக்குக்கு.

அப்படித் தப்பிப் பிறக்கும் ராடிகலுக்கும் ஹார்மோனை மட்டும் தேடிப் பிடிக்கத் தெரியாது. எதிரில் வருவதை அடிக்கும். மைக்ரோ நொடிகளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். வெளியேறும் நீரின் சிஓடி (அதில் உள்ள அழுக்கை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஹார்மோன் 5 நானோகிராம் என்றால், ஹார்மோனைப் போல ஒரு கோடி மடங்கு வேறு இரை அங்கே மிதக்கிறது. பைகார்பனேட்டும் நைட்ரைட்டும் வேறு பங்குக்கு வரும். அதனால்தான் உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டல் எல்லாம் ஒழுங்காக முடிந்த பிறகு கடைசியில் இதை வை என்று கத்துகிறோம்.

5 நானோகிராம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களுக்கு: கனடாவின் ஒண்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் 3 கோடைகள் கருத்தடை மாத்திரையின் எத்தினைல் எஸ்ட்ராடையோலைச் சேர்த்துப் பார்த்தார்கள். நீரில் இருந்த அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் உருவானது. அங்கிருந்த சிறுமீன் இனம் ஏறக்குறைய அழிந்தே போனது. (மாத்திரையை மட்டும் குற்றம் சொல்லவும் வேண்டாம். ஆண், பெண், கால்நடை, எல்லார் சிறுநீரிலும் இயற்கை ஈஸ்ட்ரோஜன் உண்டு.)

இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. ஹார்மோன் குறையவில்லை என்று பெராக்சைடை 30 மில்லிகிராமாக ஏற்றியிருக்கிறார்கள். சிஓடி குறைவதற்குப் பதில் கூடிவிட்டது! மிஞ்சிய பெராக்சைடு, சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட்டோடு வினைபுரிந்து பொய்க்கணக்குக் காட்டும். 30 மில்லிகிராமுக்குச் சுமார் 14 கூடும். மாதிரியில் முதலில் கேட்டலேஸ் என்சைம் விட்டு பெராக்சைடை முறியுங்கள், பிறகு சிஓடி பாருங்கள். லேபைத் திட்டுவது அப்புறம் இருக்கட்டும். அந்த மிச்சத்தோடு நீரை ஆற்றில் விடவும் கூடாது.

பெராக்சைடு சரிவரவில்லை, பெர்சல்ஃபேட் போடுங்கள், வீரியம் அதிகம் என்று அடுத்த விற்பனையாளர் வருவார். வீரியம் உண்மைதான். ஆனால் அதில் பிறக்கும் சல்ஃபேட் ராடிகல், நீரில் புரோமைடு இருந்தால் புரோமேட்டை உண்டாக்கும்; அது புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் இருப்பது. குளோரைடும் புரோமைடும் எவ்வளவு என்று அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

யூவி கருவி வாங்குவதற்கு முன்னால் 254 நானோமீட்டரில் நீரின் ஒளி ஊடுருவலை அளந்து கேளுங்கள். ஒரு நாள் அல்ல, சில வாரங்கள். குவார்ட்ஸ் குழாயை நாட்காட்டி பார்த்து அமிலத்தில் கழுவுங்கள். பெராக்சைடு கலனை இறுக்கி மூடாதீர்கள், அது வாயு விடும்; துரு, மரத்தூள், எண்ணெய்த்துணி எதுவும் பக்கத்தில் கூடாது. அப்புறம், தயவுசெய்து, எரியும் விளக்கை மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும்.

அந்தப் பொறுப்பாளர் லேபை மாற்றவில்லை. குழாயைக் கழுவிவிட்டு, இப்போது மணல் வடிகட்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். தண்ணீர் தெளியும்வரை பெராக்சைடு பம்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.