டி-டி பெயர்ச்சி

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டால் வேதியியல் தரும் விடை, 'டி-டி டிரான்சிஷன்'. புதுச்சேரியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் இதை 'டி-டி இடைநிலை' என்று எழுதுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. 'டிரான்சிஷன் மெட்டல்' இடைநிலை உலோகம் என்றால், இதுவும் இடைநிலைதானே? இல்லை. அங்கே அந்தச் சொல் தனிம அட்டவணையில் நடுவே இருப்பதைக் குறிக்கிறது. இங்கே எலக்ட்ரான் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து (அணுவில் எலக்ட்ரான் இருக்கும் இடம்) இன்னொரு டி ஆர்பிட்டாலுக்கு நகர்கிறது.

லத்தீனில் 'டிரான்சிரே' என்றால் கடந்து போதல். 'டிரான்சிட்' என்பதும் அதே வேர்தான். சனி ராசி மாறுவதை ஆங்கிலத்தில் டிரான்சிட் என்பார்கள், நாம் சனிப்பெயர்ச்சி என்கிறோம். திருநள்ளாற்றுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களுக்குப் பெயர்ச்சி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'டி-டி பெயர்ச்சி' என்றே எழுதுவோம்.

'டி' என்பது 'டிஃப்யூஸ்' என்பதன் முதல் எழுத்து. நிறமாலையில் மங்கிப் பரவித் தெரிந்த கோடுகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர், அப்புறம் ஆர்பிட்டாலுக்கும் ஒட்டிக்கொண்டது.

தனி அயனியில் ஐந்து டி ஆர்பிட்டால்களுக்கும் ஒரே ஆற்றல். ஆறு ஈனிகள் (நீர், அம்மோனியா போல உலோக அயனியோடு ஒட்டிக்கொள்பவை) எண்முகமாகச் சூழ்ந்ததும் மூன்று கீழே, இரண்டு மேலே என்று பிரிகின்றன. 1929இல் ஹான்ஸ் பெத்தே தந்த படிகப்புலக் கொள்கை இது. இடைவெளிக்குப் பொருந்தும் ஒளியை விழுங்கி எலக்ட்ரான் மேலே பெயர்கிறது. விழுங்காமல் விட்ட ஒளிதான் நம் கண்ணுக்கு வரும் நிறம்.

மயில்துத்தத்தையும் வெள்ளைத்துத்தத்தையும் (துத்தநாக சல்பேட்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சல்பேட்தான். செம்பு அயனியில் ஒன்பது டி எலக்ட்ரான்கள், ஓரிடம் காலி. துத்தநாக அயனியில் பத்து. பெயர இடமே இல்லை, அதனால் வெள்ளை. மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் ஈனியாக இருந்த நீர் போய் அதுவும் வெளுக்கும். ஆறவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும், குழாயும் கையில் சுடும். கரைசலில் அம்மோனியாவை விட்டுக்கொண்டே போனால், முதலில் வெளிர்நீல வீழ்படிவு, பிறகு அது கரைந்து கண்ணைப் பறிக்கும் கருநீலம். ஈனி மாறினால் இடைவெளியும் மாறுகிறது.

எல்லா நிறமும் இப்படி வருவதல்ல. பெர்மாங்கனேட்டின் மாங்கனீசில் டி எலக்ட்ரானே கிடையாது. ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரான் உலோகத்துக்குப் போவதால்தான் அந்த அடர் ஊதா. அதற்கு 'மின்சுமைப் பெயர்ச்சி' என்று எழுதலாம்.