முதல் நாவலில் நீங்கள் தாண்டிப்போன காட்சி

சென்னைப் புத்தகக் காட்சியை மனதில் வைத்து, மழைக்காலம் தொடங்கும் முன்பே பதிப்பகங்களுக்குப் பிரதிகள் வர ஆரம்பித்துவிடும். முதல் நாவல்கள் அவற்றில் நிறைய. பிரதிகளைச் செம்மையாக்குவது என் தொழில். வருகிற முதல் நாவல்களில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன்: கதையில் எது முக்கியமோ, அந்த இடம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

எழுத விஷயம் இல்லாமல் யாரும் வருவதில்லை. பனியன் கம்பெனி, தீப்பெட்டி ஆபீஸ், வளைகுடா நாட்டு லேபர் கேம்ப் என்று அவரவருக்குத் தெரிந்த உலகம் முழுசாக இருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் கண்விழித்து, பல் துலக்கி, காபி குடித்து, பஸ் ஏறுவதற்கு ஆறு பக்கம் ஆகிறது. பத்தாம் அத்தியாயத்தில், "சொத்து விஷயத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை வந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது" என்று ஒரு பத்தி. அந்தச் சண்டையைப் பார்க்கத்தானே வாசகர் பத்து அத்தியாயம் கூடவே வந்தார்?

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. பல் துலக்குவதை எழுத யாருடைய மனதுக்குள்ளும் போக வேண்டியதில்லை. சண்டையை எழுத வேண்டுமென்றால் அண்ணன் பக்க நியாயத்தையும் தம்பி பக்க நியாயத்தையும் எழுதுகிறவரே சுமக்க வேண்டும். இருவரில் ஒருவர் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தக்காரராக இருப்பார். புத்தகம் வந்தால் அவர் படிப்பார். அந்தப் பயத்தில் கை தானாகவே வேகமாக நகர்ந்துவிடுகிறது.

அதனால் முதல் வரைவை முடித்தவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, எழுத்துப் பிழை திருத்துவது அல்ல. பிரதியை அச்செடுத்து, "ஒருவழியாக", "எப்படியோ", "அதன் பிறகு", "நாட்கள் ஓடின" என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் சுழிக்கச் சொல்வேன். பாதி இடங்களில் அந்தச் சொற்கள் நியாயமாகவே இருக்கும். நாவலில் எல்லாவற்றையும் காட்சியாக விரிக்க முடியாது. மீதி இடங்களில் ஒரு காட்சி அடியில் புதைந்து கிடக்கும்.

"எப்படியோ அம்மாவைச் சம்மதிக்க வைத்து வீட்டை விற்றார்கள்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா எப்படிச் சம்மதித்தாள்? உட்கார்ந்து யோசித்தால் இப்படி ஒன்று வரலாம்:

பத்திர ஆபீஸுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. அம்மா அடுக்களையை விட்டு வரவில்லை.

"அம்மா, நேரமாச்சு. எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

"உங்கண்ணன் சாப்பிட்டானா?"

"அவன் நேரா அங்க வந்துர்றான்மா."

"அப்ப சாப்பிடலை." தூக்குவாளியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் ஒரு தூக்குத் தூக்கினாத்தான் விழும். வாங்குறவங்ககிட்ட மறக்காம சொல்லிரு."

சம்மதம் என்ற பேச்சே இதில் இல்லை. அழுகையும் இல்லை. ஆனால் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லும்போதே அம்மா வீட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டாள். வீட்டை விற்கவைத்த மூத்தவனின் பசியும் அவளுக்கு நினைவிருக்கிறது. "அம்மாவின் இதயம் நொறுங்கியது" என்று எழுதியிருந்தால் இவை இரண்டும் கிடைத்திருக்காது. அந்த வரி எந்த அம்மாவுக்கும் பொருந்தும். தாழ்ப்பாள் இந்த அம்மாவுக்கு மட்டும்தான்.

ஒரு காட்சியில் ஒரு நாவலே அடங்கியிருக்க முடியும் என்பதற்கு ஜெயகாந்தனைச் சொல்வேன். "அக்கினிப் பிரவேசம்" சிறுகதையில், முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். பிற்பாடு "சில நேரங்களில் சில மனிதர்கள்" எழுதும்போது அவர் அந்த இடத்தைத்தான் மாற்றினார். தாய் கூச்சல் போட, விஷயம் வெளியே தெரிந்து, அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவல் முழுக்க இந்த மாற்றத்தின் விளைவுதான். உங்கள் கதையிலும் அப்படி ஒரு நிமிடம் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விட்டீர்களா, நின்று பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

சரி, காட்சியை விரித்தாயிற்று. அப்புறம் பேச்சு. "உனக்குத்தான் தெரியுமே தம்பி, நம் அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது, அதிலிருந்து நான்தான் குடும்பத்தைத் தாங்குகிறேன்" என்று எந்த அண்ணனும் பேசமாட்டான். இருவருக்கும் தெரிந்ததை வாசகருக்காகப் பேசவைப்பது படித்தவுடனே பல்லில் இடறும். "அப்பா இருந்தா நீ இப்படிப் பேசுவியா?" போதும். அப்பா இல்லை என்பது, அண்ணன் அந்த இடத்தில் தன்னை வைத்திருக்கிறான் என்பது, தம்பி அதை ஏற்கவில்லை என்பது மூன்றும் வந்துவிட்டன.

வட்டார வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லின் கடைசி எழுத்துகளை வளைத்து எழுதினால் வழக்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்குச் சொல்லகராதியே தொகுத்தவர். ஒலியை மட்டும் பிடிக்கிறவர் அந்த வேலையில் இறங்கமாட்டார். ஒரு ஊரில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், யார் முன்னால் எதைச் சொல்லமாட்டார்கள், மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவாளா, குழந்தையை நடுவில் வைத்து "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாளா? வழக்கு அங்கேதான் உயிரோடு இருக்கிறது. எழுத்துக்கூட்டலை எவ்வளவு வேண்டுமானாலும் எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லை மூன்று விதமாக மட்டும் எழுதாதீர்கள்.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. பள்ளி ஆசிரியர் ஒருவர் முதல் அத்தியாயத்தில் "அவர் வந்தார்". நான்காம் அத்தியாயத்தில் "அவன் வந்தான்". மாணவனின் கண் வழியாகச் சொல்லும்போது "அவர்", அவருடைய அம்மாவின் கண் வழியாகச் சொல்லும்போது "அவன்" என்றால் மிக அழகு. கதை யார் தோளருகே நிற்கிறது என்று ஒரே விகுதியில் தெரிந்துவிடும். பல பிரதிகளில் அப்படித் திட்டமிட்டு நடப்பதில்லை. ஒரே பத்தியில் நான்கு பேர் மனதுக்குள் போய்வந்ததன் தடயமாகத்தான் அது இருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே, "இதைப் பார்ப்பது யார்?" என்று ஒரு பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டுப் படியுங்கள். அந்த ஆளுக்குத் தெரிய வழியில்லாத வரிகள் தாமாகவே கண்ணில் படும்.

அத்தியாய முடிவில் கதவு தட்டப்படுவதும் போன் அலறுவதும் வாரப் பத்திரிகைத் தொடர்களின் பழக்கம். அடுத்த இதழ் வரை வாசகரைப் பிடித்துவைக்க அங்கே அது தேவைப்பட்டது. புத்தகத்தில் அடுத்த பக்கம் கையிலேயே இருக்கிறது. ஓரிரு இடம் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிடலாம்.

இவ்வளவையும் செய்ய மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களைத்தான் புத்தகக் காட்சி அவசரம் விழுங்கிவிடுகிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் நாவலைக் கொண்டுவருவதாகச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "என் பிரதியைப் படித்து, எந்த அத்தியாயம் நிற்கவில்லை என்று யார் சொல்வார்?" சந்தி பார்ப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் அவசியம்தான், ஆனால் அவை வேறு வேலை. பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு காட்சியைத் திருப்பி எழுத முடியாது; பக்க எண்கள் நகரும், செலவு ஏறும், முகம் சுளிப்பார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு ஆளைக் காட்ட அவர்களால் முடியவில்லையென்றால் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, பென்சிலால் சுழித்த முதல் "எப்படியோ"விலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.