ஒன்பதாவது வளைவில் ஒரு காட்டெருமை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை வாயால் சொல்லி நாங்கள் விளையாடும் விளையாட்டின் பெரிய பகடைக்கும் 20 முகங்கள். இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட அன்றே அடுத்த கதையைச் சேர்வராயன் மலையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் ஆறுமுகப் பகடையை உருட்டுவது. ஆறு விழுந்தால் ஏதோ ஒன்று வழியில் வரும். என்ன வருகிறது என்பதை, நான் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து 20 முகப் பகடை சொல்லும். அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு மாடியில், தட்டுவடை செட்டை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மதியம் ஆரம்பித்தோம்.

கணக்குப்படி 20 வளைவுக்குச் சராசரியாக மூன்று முறை ஆறு விழ வேண்டும். மூன்றுதான் விழுந்தது. குரங்குக் கூட்டம், வழிப்பறிக்காரர்கள், ஒன்பதாவது வளைவில் ஒரு காட்டெருமை. மூன்றும் சண்டையில் முடிந்தன. கடைசி வளைவைத் தாண்டும்போது மணி ஆறரை. ஏரிக்கரையில் தொடங்க வேண்டிய கதை தொடங்கவே இல்லை. யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் காட்டெருமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம், "போன தடவை என்ன நடந்தது?" என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று சண்டையில் ஒன்றைக்கூட யாராலும் கோவையாகச் சொல்ல முடியவில்லை. அடிவாரத்து டீக்கடைக்காரர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் அப்படியே நினைவிருந்தது: "உங்க ஜாடையில ஒரு பையன் மூணு மாசம் முன்ன இங்க டீ குடிச்சான்மா." எங்கள் குழுவில் பொன்னி என்ற பாத்திரம், காப்பி பறிக்க மலையேறித் திரும்பாத தன் தம்பியைத் தேடித்தான் கிளம்பியிருந்தாள்.

இரண்டரை மணி நேரச் சண்டை மறந்துபோய், பத்து விநாடிப் பேச்சு ஏன் தங்கியது? இதற்கான விடை நம் மூளை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கேம் மாஸ்டர்; எங்கள் குழுவில் அது நான். உலகத்தையும் அதில் நடப்பதையும் அவர் வாயால் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. வழியில் ஆளோ விலங்கோ ஆபத்தோ குறுக்கிடுவதை ஆட்டக்காரர்கள் 'என்கவுன்டர்' என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு என்பதால் நான் 'எதிர்ப்பாடு' என்கிறேன்.

இனி மூளைக்கு வருவோம். 1977-ல் ஜேம்ஸ் பிச்செர்ட், ரிச்சர்ட் ஆண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு சிறுவர்கள், அவர்களில் ஒருவனுடைய வீட்டைச் சுற்றிப் பார்க்கும் சின்னக் கதை. படிப்பவர்களில் சிலரிடம் "நீங்கள் ஒரு திருடன் என்று நினைத்துப் படியுங்கள்" என்றார்கள். வேறு சிலரிடம் "இந்த வீட்டை வாங்க வந்தவராக நினைத்துப் படியுங்கள்" என்றார்கள். திருடனாகப் படித்தவர்களுக்கு நாணயச் சேகரிப்பும் கலர் டிவியும் நினைவில் நின்றன. வாங்க வந்தவர்களுக்கு ஒழுகும் கூரை நின்றது. எல்லோரும் படித்தது ஒரே கதை. மறு வருடம் வந்த அடுத்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது: படித்து, நினைவிருப்பதை எழுதிக் கொடுத்த பிறகு, "இப்போது மற்றவராக நினைத்துப் பாருங்கள்" என்றதும், முதலில் வராத விவரங்கள் சில நினைவுக்கு வந்தன. எது வேண்டும் என்ற எண்ணம், எதைப் பதியவைப்பது, எதைத் திரும்ப எடுப்பது என்ற இரண்டையும் இழுக்கிறது.

பொன்னியாக ஆடுபவருக்குத் தம்பி வேண்டும். டீக்கடைக்காரரின் பேச்சு அந்தத் தேவையில் போய் ஒட்டிக்கொண்டது. குரங்குகளுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை.

பகடையால் எதிர்ப்பாட்டைத் தீர்மானிப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. 1974-ன் விதிகளிலும் அந்த ஆறுமுகப் பகடை உண்டு. பாதாளத்தில் அலையும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் அலையும் மிருகம் ஒன்று வந்து நிற்கும். ஆறு சுற்று வீணாக்கினால் குறைந்தது ஒன்றாவது வந்து சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 67 சதவீதம். ஆனால் அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே குறிக்கோள்தான்: பொன்னை வெளியே கொண்டுவருவது. கொண்டுவந்த பொற்காசு ஒவ்வொன்றும், பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளியாகச் சேரும். ஆகவே அலையும் மிருகம் என்பது தாமதத்துக்கு வைத்த விலை. பொன்னுக்கும் உங்களுக்கும் இடையிலான தூரத்தை அது மாற்றியது. பிற்காலத்தில் ஆட்டக்காரர்கள் தம்பியைத் தேடவும் பழி தீர்க்கவும் சபதம் காக்கவும் கிளம்பினார்கள். பட்டியல் மட்டும் அப்படியே தொடர்ந்தது. நான் செய்த பிழையும் இதுவே.

நம் வீட்டு ஆட்டங்களிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடும்போது, அந்தக் கட்டத்தில் யார் போய் நின்றாலும் பாம்பு கடிக்கும். நீங்கள் தீர்மானிக்க ஒன்றுமில்லை. தாயத்தில், எங்கள் வீட்டு விதிப்படி, எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டாமல் உள்ளே ஏறிப் பழமாக முடியாது. அதனால்தான் ஒரு காய் வெட்டுக்குச் சிக்கும் தூரத்தில் வந்ததும் திண்ணையே எழுந்து நிற்கும். வெட்டுவதும் வீடு சேர்வதும் அங்கே ஒரே முடிச்சு.

அந்த முடிச்சைப் போடுவது எப்படி? எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து இரண்டு கேள்வி கேட்டேன். உன் பாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டும்? அது கிடைக்காவிட்டால் எது போகும்? இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் உதவியது. பொன்னி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் வீட்டுப் பெண். தம்பி வராவிட்டால் அம்மா சாப்பாட்டைத் தொடமாட்டாள். மருதன் முன்பு வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். தன் தவறால் ஒரு விலங்கு செத்த பிறகு, இனி எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சேர்வராயன் கோயிலில் சத்தியம் செய்தவர். துரை கந்துவட்டியில் சிக்கியவன். மேலே தோட்டத்தில் மிளகு மூட்டையை வாங்கி, விளக்கு வைப்பதற்குள் சேலத்தில் இறக்கியாக வேண்டும்.

மறுபடி மலையேறினோம். அதே பாதை, அதே ஒன்பதாவது வளைவு, அதே காட்டெருமை. அதன் உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), பலம் எதையும் நான் மாற்றவில்லை. சேர்த்தது ஒரே ஒரு பொருள். பனிமூட்டத்தில் அது தலையை நிமிர்த்தும்போது, வலது கொம்பில் ஒரு வெள்ளி அரைஞாண் கொடி சுற்றியிருக்கிறது.

"அண்ணா, அது எங்க பட்டறைக் கொடியா? பத்தவெச்ச இடம் தெரியுதா?"

"அவ்வளவு தூரத்துல தெரியாதுமா. கிட்டப் போகணும்."

துரையாக ஆடுபவர் உடனே, "அக்கா, நேரம் போகுது, அடிச்சு இறக்கிட்டு எடுத்துக்கலாம்" என்றார். மருதன் எழுந்து குறுக்கே நின்றார். நிஜமாகவே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒரு மணி நேரம் பேசினார்கள். கத்தினார்கள், சமாதானமானார்கள், துரையின் உப்புப் பொட்டலத்தைப் பாறையில் கொட்டி மாட்டை இழுக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். பகடை உருண்டது இரண்டே முறை. போன் யார் கையிலும் இல்லை.

காட்டெருமை பொன்னிக்குத் துப்பு, மருதனுக்குச் சோதனை, துரைக்குத் தாமதம். ஒருவருடைய குறிக்கோளை மட்டும் தொட்டிருந்தால் மற்ற இருவரும் வேடிக்கை பார்த்திருப்பார்கள். இரண்டு பேருடைய தேவைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் எதிர்ப்பாட்டை வைப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி.

தூரத்துக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு. உணவை நெருங்க நெருங்க எலிகள் வேகமாக ஓடும் என்பதை உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களில் ஆராய்ந்தார். 2006-ல் ரான் கிவெட்ஸும் கூட்டாளிகளும் இதைக் காப்பிக் கடையில் சோதித்தார்கள். பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு காப்பி இலவசம். பாதிப் பேருக்குப் பத்துக் கட்ட அட்டை. மீதிப் பேருக்குப் பன்னிரண்டு கட்ட அட்டை, அதில் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டது. இருவரும் வாங்க வேண்டியது பத்துக் காப்பிதான். ஆனால் இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். இதைப் படித்ததிலிருந்து நான் யாரையும் வெறுங்கையோடு மலையேற விடுவதில்லை. பொன்னிக்குத் தம்பி வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் தெரியும், டீக்கடை சாட்சியும் இருக்கிறது. கொம்பில் தொங்கும் கொடி அவளுக்கு மூன்றாவது முத்திரை.

இதில் ஒரு அபாயமும் இருக்கிறது. குறிக்கோள் ஆடுபவருடையதாக இருக்க வேண்டும். ரிச்சர்ட் ரயனும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வீடியோ கேம் ஆடுபவர்களை ஆராய்ந்தபோது, நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வும் என்னால் முடிகிறது என்ற உணர்வும் ஆட்டத்தின் இன்பத்தோடு இறுகப் பிணைந்திருப்பதைக் கண்டார்கள். கொடியைக் காட்டுவது என் வேலை. அதற்காக எதை இழப்பது என்பது அவர்கள் வேலை. துப்பு கையில் கிடைத்தே தீரும் என்று நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு மதிப்பே இருந்திருக்காது.

எல்லா வளைவிலும் கொடி தொங்கவிடவும் கூடாது. மலை முழுக்கப் பொன்னியின் தம்பிக்காகவே படைக்கப்பட்டது போல் ஆகிவிட்டால், அது மலையாகத் தோன்றாது. சில வளைவுகளில் பனி மட்டும் இருக்கட்டும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கட்டும், எதிரே வரும் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகட்டும். இப்போதும் ஆறுமுகப் பகடையை உருட்டுகிறேன். ஆறு விழுந்தால் என்ன வருகிறது என்று பட்டியலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் மூன்று துண்டுச் சீட்டையும் பார்க்கிறேன்.

அன்று காட்டெருமை உப்புக்கு மயங்கித் தலை தாழ்த்தியது. மருதன் மூச்சை அடக்கி நின்றார், பொன்னி கொடியை உருவிக்கொண்டாள். பற்றவைத்த இடம் அவள் கை வேலைதான். கொக்கியைத் திருப்பிப் பார்த்தாள். அது அறுந்திருக்கவில்லை, யாரோ நிதானமாகக் கழற்றியிருந்தார்கள்.