குருவியின் கண்ணில் இருந்த வெள்ளைப் புள்ளி

கார்த்திகை மழைக்கிடையில் ஓர் அம்மா, பழைய பருத்திப் புடவையில் சுற்றிய ஓவியம் ஒன்றை, பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் என் பணிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். பிரித்தால், குண்டுகரிச்சான். முருங்கைக் கிளையில் வாலைத் தூக்கி, தொண்டை புடைக்கப் பாடும் ஆண் குருவி. ஓவிய ஆசிரியராக இருந்த அவருடைய அப்பா, கொல்லைப்புறத்தில் விடியற்காலைகளில் உட்கார்ந்து பார்த்துத் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம்.

“பரணிலிருந்து இறக்கியபோது வயிறெல்லாம் மஞ்சளாக இருந்தது சார். அழுக்கு என்று நினைத்து உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தோம். மஞ்சள் போகவில்லை. குருவிதான் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது.”

அவர் சொன்னது சரிதான். உருப்பெருக்கியில் பார்த்தேன். கண்ணில் இருக்க வேண்டிய ஒளிப்புள்ளியைக் காணவில்லை. கடுகில் பாதிகூட இருக்காது அந்த வெள்ளை. அது போனதும் கண் வெறும் கருப்புப் பொத்தானாகிவிட்டது.

ஏன் அது முதலில் போயிற்று? எண்ணெய் ஓவியம் அடுக்கடுக்காக எழும்புவது. துணி, அதன்மேல் பசை, பசைக்குமேல் வெள்ளைப் பூச்சு, பிறகுதான் வண்ணங்கள். பறவையைத் தீட்டுபவர் கண்ணின் பளபளப்பைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதால், தேய்க்கும் கைக்கு முதலில் அகப்படுவதும் அதுதான்.

வருத்தம் என்னவென்றால், அந்த மஞ்சள் அழுக்கே அல்ல. எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அப்படி இறுகிய படலம் வெளிச்சம் படாத இடத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் மஞ்சளாகும். வெள்ளைப் பகுதிகளில் அது பளிச்சென்று தெரியும். நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள அறையில் சில வாரங்கள் வைத்திருந்தால் அதில் ஒரு பங்கு தானாகவே வெளுக்கும். கிழங்கு தேவைப்பட்டிருக்காது.

எல்லா மஞ்சளும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. நெதர்லாந்தில், ஹேக் நகரின் மௌரித்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் கரெல் ஃபாப்ரிட்டியுஸ் 1654 இல் தீட்டிய கோல்டுஃபிஞ்ச் குருவி இருக்கிறது. பலகையில் வரைந்தது, 33.5க்கு 22.8 சென்டிமீட்டர்தான். காலில் மெல்லிய சங்கிலியோடு வெளிர்ச் சுவரின் முன் உட்கார்ந்திருக்கும். அதே ஆண்டு டெல்ஃப்ட் நகர வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் ஓவியர் இறந்தார், வயது 32. அந்த ஓவியத்தை மங்கலாக்கியிருந்தது மேலே பூசிய பழைய வார்னிஷ். 2003 இல் அதை அகற்றியதும் சுவரின் வெளிர்நிறம் திரும்பியது. அங்கே மஞ்சள் வார்னிஷில் இருந்தது, இங்கே எண்ணெயிலேயே இருந்தது. நம் வீடுகளில் மூன்றாவதும் உண்டு: பூஜை விளக்கும் ஊதுபத்தியும் படியவைத்த புகை. கண்ணால் பார்த்து மூன்றையும் பிரிப்பது எனக்கே எளிதல்ல. ஓரத்தில், சட்டத்துக்குள் மறையும் இடத்தில், சிறிய சோதனை செய்த பிறகுதான் தொடுவேன்.

உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு, ஷாம்பு நீர் என்று ஏதேதோ குறிப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. கிழங்கின் மாவு தூரிகைத் தடங்களின் பள்ளங்களில் தங்கி, பூஞ்சைக்குச் சோறாகிறது. ஈரம் வெடிப்புகள் வழியே இறங்கி அடியிலுள்ள பசையை ஊதவைக்கிறது. பிறகு வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. சிரிப்பீர்கள், நாங்கள் சில சமயம் எச்சிலைத்தான் பயன்படுத்துகிறோம். அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதி அழுக்கை இளக்கும். இதை ஆராய்ந்த போர்ச்சுகீசியர்களுக்கு 2018 இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசுகூடக் கிடைத்தது. அதற்காக நீங்கள் ஓவியத்தின்மேல் துப்பிவிடாதீர்கள். பஞ்சுக் குச்சியை உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கத்தில் வருவது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வண்ணம் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை என்றால், உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டலாம். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் கார்க் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று புகும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைப்பது சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சைப் பண்ணை வைப்பதற்குச் சமம். அந்த அம்மா புடவையில் சுற்றியது நல்ல வேளை.

அந்தப் புள்ளியைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டார். எங்கே இருந்தது என்று தெரியாமல் வைத்தால் அது என் குருவியாகிவிடும், அவருடைய அப்பாவின் குருவியாக இருக்காது. அதனால் பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, அப்பா ஓவியத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது, விழியின் மேல் இடப்பக்கத்தில் வெள்ளை தெரிந்தது. முதலில் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்தேன். அதன்மேல், பின்னால் யாரும் எளிதில் கரைத்து எடுத்துவிடக்கூடிய வண்ணத்தால், எண்ணெய் வண்ணத்தால் அல்ல, ஒரே ஒரு தொடுதல்.

தை மாதம் வந்து எடுத்துப்போனார். இப்போது கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் தொங்குகிறதாம். வயிறு இன்னும் முழுதாக வெளுக்கவில்லை என்று போன வாரம் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். பங்குனி வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.